பட்டு வியாபாரம் செய்த இமாம்

ஆண்டிபட்டிப் பக்கம் நெசவு தெரியாதார் யார்? சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறிச் சத்தத்தில் வளர்ந்து கல்லூரிக்குப் போகும் சகோதர சமயத்துப் பிள்ளைகள், வட்டியில்லாமல் வங்கி எப்படி நடக்கும் என்று நம்மைக் கேட்பதுண்டு. இலாபம் என்பது வட்டிக்கு இட்ட மறுபெயர்தானே என்பார்கள். நியாயமான சந்தேகம்தான். அவர்களிடம் அரபுச் சொற்களை அடுக்குவதைவிட ஒரு துணி வியாபாரியின் வரலாற்றைச் சொல்லலாம். நம் பகுதி ராவுத்தர்மார் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாம், அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே அந்த வியாபாரி.

ஹிஜ்ரி 80-ல் (கி.பி. 699) கூஃபாவில் பிறந்த அவர்கள் இளமையிலேயே பட்டு வியாபாரத்தில் இறங்கினார்கள். பிறகு ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் மார்க்கச் சட்டம் பயின்றார்கள், கடையையும் விடவில்லை. ஒருநாள் ஏழை மூதாட்டி ஒருவர் அடக்க விலைக்கே துணி கேட்டார். நாலு திர்ஹம் போதும் என்றார்கள் இமாமவர்கள். தம்மைப் பரிகாசம் செய்வதாக நினைத்தார் மூதாட்டி. இரண்டு துணி வாங்கியதில் ஒன்றை விற்றே முதல் வந்துவிட்டது, குறைவது நாலு திர்ஹம்தான் என்று கணக்கைச் சொன்னார்கள். கூட்டாளி ஹஃப்ஸ், பழுதைச் சொல்லாமல் ஒரு துணியை விற்றுவிட்டபோது, அந்தப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள்.

அடக்கத்தை மறைக்காத இந்த வியாபாரம்தான் முராபஹா. தறி வாங்க 20,000 ரூபாய் ரொக்கம் கொடுத்து 24,000 கேட்டால் அது வட்டி. அதே தறியை வங்கியே வாங்கி, தன் பொறுப்பில் வைத்து, அடக்கத்தையும் இலாபத்தையும் சொல்லி 24,000-க்குத் தவணையில் விற்றால் வியாபாரம். தவணை தவறினாலும் விலை ஏறாது. ஆனால் தறி வராமல் காகிதம் மட்டும் கைமாறினால், பிள்ளைகளின் சந்தேகமே சரியாகிவிடும்! நம் நாட்டில் இத்தகைய வங்கிக்கான யோசனையை 2017-ல் ரிசர்வ் வங்கி கைவிட்டது. மலேசியாவில் 1983 முதல் நடக்கிறது; சீனர்களும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இமாமவர்களிடம் மஜூஸி ஒருவர் கடன்பட்டிருந்தார். கடனைக் கேட்கப் போனபோது செருப்பிலிருந்த அசுத்தம் அவர் வீட்டுச் சுவரில் தெறித்துவிட்டது. சுரண்டினால் சுவர் மண் உதிருமே என்று தயங்கி நின்றார்கள். தவணை கேட்கத் தயாராக வெளியே வந்த மஜூஸியிடம், கடனைப் பேசாமல், சுவரைச் சுத்தம் செய்யும் வழியைக் கேட்டார்கள். அந்த இடத்திலேயே அவர் இஸ்லாத்தை ஏற்றார் என்று இமாம் ராஸி (ரஹ்) அவர்களின் தஃப்சீரில் வருகிறது.

காஜி பதவியை மறுத்ததற்காகக் கலீஃபா மன்சூர் சிறையிலிட்டார். ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) பக்தாதில் இமாமவர்கள் வஃபாத்தானபோது, மக்கள் நம்பி ஒப்படைத்த அமானிதப் பணம் பெருந்தொகையாக இருந்ததென்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.