ஹோமி பாபா: அணுசக்தித் தந்தை தெரியும்... எலக்ட்ரான் ஜோடிக்குக் கணக்குப் போட்டவரைத் தெரியுமா?

ஹோமி பாபா என்றதும் இந்தியாவின் அணுசக்தித் திட்டமும், 1966-ல் நடந்த விமான விபத்தும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, இயற்பியல் ஆய்வகங்களில் இன்றைக்கும் அவர் பெயர் புழங்கக் காரணமே வேறு. இளம் வயதில் அவர் போட்ட கணக்குகள்தான் அது!

அப்பா போட்ட கண்டிஷன்

1909-ல் மும்பையில் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தவர் பாபா. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சுட்டு, ஜாம்ஷெட்பூர் டாடா ஆலையில் சேரணும் என்பது குடும்பத்தின் ஆசை. 1927-ல் கேம்பிரிட்ஜ் போனார். மனசோ இயற்பியல் பக்கம் போனது. முதல் வகுப்பில் தேறினால் பிடிச்சதைப் படிக்கலாம் என்றார் அப்பா. 1930-ல் அதையும் சாதித்தார்.

ஜோடி எப்படிப் பிறக்குது?

1932-ல் பாசிட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது. எலக்ட்ரானின் அதே நிறை, ஆனா நேர் மின்னூட்டம். அதிவேகத் துகள்கள் மோதும்போது, ஆற்றலில் ஒரு பகுதி பொருளாக மாறி, எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஜோடியாகப் பிறக்கலாம். அதற்கு வாய்ப்பு எவ்வளவு என்பதை 1935-ல் பாபா கணக்கிட்டார். அந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதினால் எப்படிச் சிதறும் என்பதையும் கணக்கிட்டார். அதுக்குப் பேரே 'பாபா சிதறல்'!

1937-ல் வால்டர் ஹைட்லருடன் சேர்ந்து, காஸ்மிக் கதிர்கள் ஏன் துகள் மழையாகக் கொட்டுகின்றன என்று விளக்கினார். வேகமான எலக்ட்ரான், அணுக்கரு அருகே ஃபோட்டானை உமிழும். அந்த ஃபோட்டான் ஒரு ஜோடியாக மாறும். ஜோடி மறுபடியும் ஃபோட்டான்களை உமிழும். இப்படியே ஒன்று பலவாகப் பெருகும்.

லீவுக்கு வந்தவர் தங்கிட்டார்

1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்த நேரத்தில் உலகப்போர் வெடித்தது. கேம்பிரிட்ஜ் திரும்ப முடியல. பெங்களூருவில் சர் சி.வி.ராமன் தலைமையில் இயங்கிய இயற்பியல் துறையில் சேர்ந்தார். 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார்.

ஜெனீவா அருகே...

1966 ஜனவரி 24. வியன்னா கூட்டத்துக்காக பாபா கிளம்பிய ஏர் இந்தியா விமானம், ஜெனீவாவில் இறங்குவதற்கு முன் மான்ட் பிளாங்க் மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 117 பேரும் பலி. பாபாவுக்கு வயது 56.

அதே ஜெனீவா அருகே 1989-ல், 27 கி.மீ. சுற்றளவுள்ள எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதல் இயந்திரத்தை செர்ன் ஆய்வகம் இயக்கத் தொடங்கியது. மோதல்கள் எவ்வளவு தீவிரமாக நடக்குதுன்னு அளக்க விஞ்ஞானிகள் எண்ணியது எதைத் தெரியுமா? பாபா சிதறல்களைத்தான்!