அளவறிந்த ஆற்றல்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், மில்வில் என்னும் சிற்றூருக்கு அருகே 1867 ஏப்ரல் 16 அன்று பிறந்தவர் வில்பர் ரைட். தந்தை மில்டன் சமயப் போதகர். தாய் சூசன் கருவிகளைக் கையாள்வதில் தேர்ந்தவர். பள்ளிப் பருவத்தின் இறுதியில், உறைபனித் தரையில் விளையாடும்போது முகத்தில் பட்ட பலத்த அடி, வில்பரின் கல்லூரிக் கனவைக் கலைத்தது. நோயுற்ற தாயை வீட்டிலிருந்து பேணியவாறே, தந்தையின் நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தார். பின்னர்த் தம்பி ஆர்வில்லுடன் சேர்ந்து, ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் 1892இல் மிதிவண்டிக் கடை தொடங்கினார்.

ஜெர்மானிய அறிஞர் லிலியந்தால் 1896இல் பறக்கும் முயற்சியில் உயிர் நீத்த செய்தி, வில்பரின் உள்ளத்தில் வானூர்தி வேட்கையை விதைத்தது. 1900 முதல் கிட்டி ஹாக் கடற்கரை மணல்வெளியில் உடன்பிறந்தோர் இருவரும் எஞ்சின் இல்லாத சறுக்கு வானூர்திகளைச் செலுத்திப் பார்த்தனர். அந்நாளைய நூல்கள் தந்த கணக்குகள் பொருந்தவில்லை. எனவே, தாமே காற்றுச் சுரங்கம் அமைத்து, பல்வகைச் சிறகுகளை ஆராய்ந்து, புதிய அளவுகளைக் கண்டறிந்தனர். 1902இல் அவர்களின் சறுக்கு வானூர்தி சொன்னபடி கேட்டது.

எஞ்சின் ஒன்றே குறையாக நின்றது. ஆளோடு சேர்த்து வானூர்தியின் மொத்த எடை ஏறத்தாழ 283 கிலோகிராம் எனக் கணித்தனர். அதற்கு எட்டுக் குதிரைத்திறன் போதும். ஆனால், எஞ்சினின் எடை 82 கிலோகிராமைத் தாண்டலாகாது. இவ்வரையறையுடன் எஞ்சின் நிறுவனங்கள் பலவற்றுக்கு மடல் எழுதினர். எவரும் அவர்கள் கேட்டதைச் செய்து தர முன்வரவில்லை. ஒரு நிறுவனம் மட்டும், 61 கிலோகிராம் எடையில் எட்டுக் குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் தன்னிடம் உண்டு என்றது. மிகக் குறைந்த எடை. எனினும் அவர்கள் மயங்கவில்லை. ஒற்றைச் சிலிண்டரின் அளவை ஆராய்ந்தபோது, சொல்லப்பட்ட திறனை அது தருமா என்னும் ஐயம் எழுந்தது. திறன் சற்றே குறைந்தாலும் வானூர்தி மண்ணை விட்டு எழாது. ஆகவே, எஞ்சினைத் தாமே உருவாக்கத் துணிந்தனர்.

கடையின் பணியாளர் சார்லஸ் டெய்லர் அப்பணியை ஏற்றார். அதுவரை அவர் எஞ்சின் எதையும் உருவாக்கியதில்லை. தாள் துண்டுகளில் வரைந்த படங்களைப் பட்டறையில் குத்தி வைத்து, கடைசல் இயந்திரம், துளையிடும் கருவி ஆகியவற்றைக் கொண்டே ஆறு வாரங்களில் செய்து முடித்தார். எடையைக் குறைக்க எஞ்சினின் உடற்பகுதி அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. 1903 பிப்ரவரியில் சோதித்தபோது அவ்வுடற்பகுதி உடைந்தது. சோர்வடையாமல் மீண்டும் வார்த்தனர். நான்கு சிலிண்டர் கொண்ட அந்த எஞ்சின், பன்னிரண்டு குதிரைத்திறனை அளித்தது. எதிர்பார்த்ததினும் மிகுந்த அத்திறனைக் கொண்டு, வானூர்தியின் எடையை ஏறத்தாழ 68 கிலோகிராம் கூட்டிச் சிறகுகளை வலுப்படுத்தினர். சுழல்விசிறியையும் சுழலும் சிறகாகக் கருதிக் கணக்கிட்டுச் செதுக்கியதால், எஞ்சினின் ஆற்றல் வீணாகாமல் பயன்பட்டது.

அதே ஆண்டில், புகழ்பெற்ற அறிவியலாளர் லாங்லி அமைத்த வானூர்தி 52 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினைச் சுமந்தும் இருமுறை ஆற்றில் வீழ்ந்தது. இரண்டாம் வீழ்ச்சிக்கு ஒன்பது நாள்களுக்குப் பின், டிசம்பர் 17 அன்று, கிட்டி ஹாக்கில் ஆர்வில் பன்னிரண்டு விநாடிகள் பறந்தார். அன்றைய நான்காம் முயற்சியில் வில்பர் 59 விநாடிகளில் ஏறத்தாழ 260 மீட்டர் கடந்தார்.

1912 மே 30 அன்று, டைபாய்டு காய்ச்சலால் தம் நாற்பத்தைந்தாம் அகவையில் வில்பர் மறைந்தார். தமக்குத் தேவையான ஆற்றல் எவ்வளவு என்பதை முதலில் கணித்து, பின்னரே அதைத் தேடிய அவரது பொறுமை, மிதிவண்டிப் பட்டறையில் பிறந்த சிறிய எஞ்சினைக் கொண்டே மனிதனை வானில் ஏற்றியது.