சைலன்சர் சத்தமும் சோழவரம் ரேஸும்: யார் இந்த கரிவரதன்?

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் வீடு இருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். எங்கேயோ தூரத்தில் ஒரு உறுமல் கிளம்பும், கிட்ட வரும், ஜன்னல் கண்ணாடி அதிரும், குழந்தை எழுந்து அழும். சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறு குழாய் மாட்டிய கார்கள், பைக்குகள். தாம்பரம் போலீஸ் இவற்றைப் பிடிப்பதும் அபராதம் போடுவதும் பழகிப்போன செய்தி. வண்டியைப் பறிகொடுத்த பசங்க பலருக்கு ஒரு பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை: சுந்தரம் கரிவரதன். மோட்டார் ரேஸ் உலகில் சுருக்கமாக ‘கரி’.

1954-ல் கோவையில் பிறந்தவர். லட்சுமி மில்ஸ் குடும்பம். நூற்பாலை நிர்வாகத்தில் உட்கார்ந்து நிம்மதியாகக் காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் மனசு முழுக்க என்ஜின்தான்.

அவர் வளர்ந்த காலத்தை கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தியச் சாலையில் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணும் கார்கள்தான். ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. தாம்பரத்தைத் தாண்டி வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் தயாரானது. ரேஸுக்கென்று தனி டிராக் எதுவும் நாட்டில் கிடையாது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், நகருக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் போட்டி நடத்திக்கொண்டிருந்தது. வெயிலில் காய்ந்தபடி கூட்டம் கூட்டமாக சனம் வந்து பார்த்தது.

அங்கே ஜெயிக்க இரண்டு வழிகள் இருந்தன. பணம் கொட்டி வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குவது ஒன்று. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரையே சோழவரத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினார். இரண்டாவது, கையில் இருக்கும் சாதாரண காரைப் பிரித்துப்போட்டு வேகத்தைக் கறந்தெடுப்பது. பெரும்பாலானோருக்கு இரண்டாவதுதான் கதி. கரி வசதியானவர்தான், ஆனாலும் அவருடைய ஆர்வம் இந்த இரண்டாவது வழியில்தான் இருந்தது. ஓட்டுவதோடு நிற்காமல் கார்களை வடிவமைக்கவும் கட்டவும் செய்தார்.

குழாயில் என்ன இருக்கு?

வேகத்தைக் கறப்பதில் எக்ஸாஸ்ட் குழாய்க்கு முக்கியப் பங்கு உண்டு. இன்றைக்கு நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். வால்வு திறந்ததும் எரிந்த புகை ஒரு அழுத்த அலையாகக் குழாயில் பாய்கிறது. குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தை அந்த அலை அடைந்ததும், குறைந்த அழுத்த அலை ஒன்று திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி எடுத்து, புதுக் காற்று உள்ளே வர வழி விடும். சீக்கிரம் வந்தாலோ, தாமதமாக வந்தாலோ பலன் இல்லை. ஆக, குழாயின் நீளமும் விட்டமும் என்ஜின் எந்த ஆர்.பி.எம்-ல் அதிகம் ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தது. ரேஸ் காரில் அது மேல் ஆர்.பி.எம். ஜி.எஸ்.டி. சாலை டிராஃபிக்கில் முதல், இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிறவருக்குப் பெரிய குழாய் மாட்டினால் புகையின் வேகம் குறைந்து, கீழ் கியரில் இழுவைதான் போகும். சத்தம் மட்டும் மிஞ்சும்.

இன்னொன்று, குழாயை மாற்றினால் பெட்ரோல் அளவையும் மாற்ற வேண்டும். அன்று கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றினார்கள், இன்று ஈ.சி.யு. மேப்பைத் திருத்துகிறார்கள். அதைச் செய்யாமல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் பிடுங்கிப் போட்டால் லாபம் கொஞ்சம், புகைமாசு ஏராளம். ஐந்து லிட்டர் வி8 மஸ்டாங் மாதிரி மசில் கார் என்றால் உறுமல் பிறவியிலேயே வந்தது. (மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையே இருந்தும் மஸ்டாங் இங்கே தயாராகவில்லை, இறக்குமதிதான்.) மூன்று சிலிண்டர் காரில் அந்தச் சத்தத்தைத் தேடினால் கிடைப்பது தகர டப்பா ஓசை.

மாருதியில் பிறந்த ரேஸ் கார்

அந்த மூன்று சிலிண்டரை வைத்துத்தான் கரி தன் பெரிய வேலையைச் செய்தார். 1983 இறுதியில் மாருதி 800 சாலைக்கு வந்தது. 796 சிசி, நாற்பது குதிரைத்திறனைக்கூடத் தொடாத என்ஜின். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற வண்டி என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். கரி அந்த என்ஜினை எடுத்து, இரும்புக் குழாய்களால் கட்டிய எடை குறைந்த சட்டகத்தில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினார். ஒற்றை இருக்கை, திறந்த சக்கரங்கள். 1988-ல் வந்த இந்த ‘ஃபார்முலா மாருதி’ இந்திய ரேஸிங்கின் போக்கையே மாற்றியது.

காரணம் எளிது. உதிரிபாகம் ஊருக்கு ஊர் கிடைக்கும், விலை கட்டுப்படியாகும், எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கார். அப்புறம் யார் ஜெயிப்பது என்பதை அப்பாவின் பணத்தைவிட ஓட்டுகிறவரின் திறமை அதிகம் தீர்மானிக்கும். வசதியான வீட்டில் பிறந்த ஒருவர் இதை யோசித்ததுதான் கவனிக்க வேண்டியது.

நேரமும் கூடி வந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் கட்டிய சுமார் 3.7 கிலோமீட்டர் டிராக் திறக்கப்பட்டது. சோழவரத்து ஓடுதளத்தில் கிடைக்காத நிஜமான வளைவுகள் அங்கே இருந்தன. கோவையிலிருந்து வந்த ஒரு பையன் தன் முதல் ஃபார்முலா மாருதி ரேஸிலேயே அங்கே மேடை ஏறினான். பெயர் நரேன் கார்த்திகேயன்.

கரி அதன் முழு விளைச்சலைப் பார்க்கவில்லை. 1995 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு நாற்பதுகளின் தொடக்கம்தான். தரையில் அத்தனை வேகத்தைப் பார்த்தவர், வானத்தில் போனார். கோவை செட்டிபாளையம் அருகே 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று பெயர் வைத்தார்கள். 2005-ல் நரேன் ஜோர்டன் அணியில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் ஆனார். ஃபார்முலா மாருதிக்குப் பிறகு வந்த ஃபார்முலா எல்.ஜி.பி. கார்களும் அதே சிக்கன வழியில்தான் போயின.

இப்போ சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. சத்தம், புகை வரம்பை மீறினால் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமம் மூன்று மாதம் முடக்கப்படும். ரேஸ் எக்ஸாஸ்ட்டுக்கான இடம் டிராக்தான். அங்கே போட்டியிட இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் லைசென்ஸ் வேண்டும். தாம்பரத்துப் பசங்களுக்கு இருங்காட்டுக்கோட்டை ரொம்ப தூரம் இல்லை.