இரண்டாம் நாற்காலியின் முதல் மனிதர்

கிளாஸில் முதல் மார்க் வாங்கியவன் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டாவது யார்னு கேட்டால் முழிப்போம். நாட்டின் பதவிகளிலும் இதே கதைதான். முதல் குடியரசுத் தலைவர் யார் என்றால் ராஜேந்திர பிரசாத் என்று டக்கென்று சொல்லிவிடுவோம். முதல் துணைக் குடியரசுத் தலைவர்? கொஞ்சம் தலையைச் சொறிய வேண்டியிருக்கும்!

அவர் வேறு யாருமல்ல. யாருடைய பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன்தான். ஆசிரியராக அவரை எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் நாற்காலியில் 10 ஆண்டுகள் உட்கார்ந்து அதற்கு மதிப்புத் தேடித் தந்தவராக எத்தனை பேருக்குத் தெரியும்?

பழைய புத்தகம் காட்டிய பாதை

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி திருத்தணியில், தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை வீராசாமிக்கு ஜமீனில் சிறிய உத்தியோகம். தாயார் சீதம்மா. பெரிய குடும்பம், சின்ன வருமானம். அதனால் படிப்பெல்லாம் ஸ்காலர்ஷிப்பை நம்பித்தான். திருத்தணி, திருப்பதி மிஷன் பள்ளி, வேலூர் ஊரீசு கல்லூரி, கடைசியாகச் சென்னை கிறித்தவக் கல்லூரி.

தத்துவப் பாடத்தை அவர் ஏன் எடுத்தார் தெரியுமா? ஆசைப்பட்டு அல்ல. உறவுக்கார அண்ணன் ஒருவர் அதே கல்லூரியில் தத்துவம் படித்து முடித்து, தன் புத்தகங்களை இவரிடம் கொடுத்துவிட்டார். புதுப் புத்தகம் வாங்கக் காசு இல்லை. கையில் இருந்த புத்தகம் எதுவோ அதுவே பாடமாகிவிட்டது. உலகமே மதித்த தத்துவ மேதை உருவானது இப்படித்தான்!

இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப நெருக்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சீனியர் அண்ணன் ஒருவர் கொடுத்த மினி டிராஃப்டரை வைத்துத்தான் முதல் வருஷம் டிராயிங் ஷீட் எல்லாம் போட்டேன். நம்மில் பலர் கதை இதுதானே?

1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. 1918இல் மைசூர், 1921இல் கல்கத்தா. மைசூரை விட்டுப் புறப்பட்ட அன்று, மாணவர்கள் வண்டியில் குதிரையை அவிழ்த்துவிட்டுத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். பிறகு ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், ஆக்ஸ்போர்டில் பேராசிரியர், காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று வரிசையாகப் பொறுப்புகள். 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதர்.

அது என்ன பதவி?

இங்கிலாந்தைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்ட பதவி அல்ல இது. அங்கே மன்னர் ஆட்சி, துணைத் தலைவருக்கு வேலையே இல்லை. இது அமெரிக்காவின் மாதிரி. அங்கே துணை ஜனாதிபதி செனட் சபைக்குத் தலைவர். இங்கே துணைக் குடியரசுத் தலைவர் ராஜ்யசபாவுக்குத் தலைவர். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் ஜனாதிபதி இறந்தால் மீதிக் காலம் முழுவதும் துணை ஜனாதிபதியே ஜனாதிபதி. நம் நாட்டில் அவர் தற்காலிகமாகப் பொறுப்பைப் பார்ப்பார். 6 மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும்.

இன்னும் வேடிக்கை கேளுங்கள். துணைக் குடியரசுத் தலைவர் என்ற பதவிக்குத் தனியாகச் சம்பளமே கிடையாது. சபைத் தலைவர் என்ற முறையில்தான் சம்பளம். சபையில் ஓட்டுகள் சரிசமமாக விழுந்தால் மட்டும் அவர் ஓட்டுப் போடலாம். அதிகாரம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

1950இல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தும் 2 ஆண்டுகள் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. 1952 மே 13 அன்று ராதாகிருஷ்ணன் பதவியேற்றார். போட்டியின்றித் தேர்வானார். 1957இல் மறுபடியும் போட்டி இல்லை.

அவர் எந்தக் கட்சியிலும் சேர்ந்து வளர்ந்தவர் அல்ல. சபையிலோ பழுத்த அரசியல்வாதிகள். சமாளிப்பாரா என்ற சந்தேகம் யாருக்கும் வரத்தானே செய்யும்? வகுப்பறையைக் கையில் வைத்திருந்த மாதிரியே சபையையும் வைத்துக்கொண்டார். கூச்சல் எழுந்தால் அதட்டல் இல்லை. ஒரு சுலோகத்தையோ பைபிள் வாசகத்தையோ சொல்லிச் சிரிக்க வைத்து அமைதிப்படுத்துவார். அவர் தலைமையில் கூட்டங்கள் குடும்பக் கூட்டம் போல நடந்ததாக நேருவே பாராட்டினார். 1954இல் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1961இல் ராஜேந்திர பிரசாத் நோயில் படுத்தபோது மாதக்கணக்கில் அந்தப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தார். அவர் துணைத் தலைவராக இருந்த காலத்தில்தான், 1960இல், ஆந்திராவிடமிருந்து திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

1962இல் குடியரசுத் தலைவரானார். மாணவர்கள் பிறந்த நாள் கொண்டாட வந்தபோது, தனக்காக வேண்டாம், ஆசிரியர்களுக்காகக் கொண்டாடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய 5 ஆண்டுகளில் சீனப் போர், பாகிஸ்தான் போர், நேரு மறைவு, சாஸ்திரி மறைவு என்று சோதனை மேல் சோதனை. 1967இல் ஓய்வு பெற்று, 1975 ஏப்ரல் 17 அன்று சென்னையில் காலமானார்.

அவருக்குப் பின்

அவர் போட்ட பாதையில் ஜாகிர் உசேன், வி.வி. கிரி, ஆர். வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா, கே.ஆர். நாராயணன் ஆகியோரும் இரண்டாம் நாற்காலியிலிருந்து முதல் நாற்காலிக்குப் போனார்கள். 1969இல் ஜாகிர் உசேன் பதவியிலேயே இறக்க, பொறுப்பேற்ற கிரி தேர்தலில் நிற்பதற்காக ராஜினாமா செய்தார். இரண்டு நாற்காலியும் காலி! தலைமை நீதிபதி இதயத்துல்லா சில வாரம் நாட்டின் தலைவராக இருந்தார். துணைப் பதவி சும்மா அலங்காரம் இல்லை என்று அன்றைக்கு நாடே புரிந்துகொண்டது.

நண்பர்களே! நாளைக்கு நாமும் ஏதோ ஒரு கம்பெனியில் இன்ஜினியருக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்காரப் போகிறோம். டிப்ளமோதானே என்று சிலர் இளக்காரமாகவும் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே! ராதாகிருஷ்ணனுக்குக் கிடைத்ததும் அதிகாரம் குறைந்த நாற்காலிதான். அதில் அவர் 10 ஆண்டுகள் ஒழுங்காக, பொறுமையாக, பிறரை மதித்து வேலை பார்த்தார். நாமும் நம் நாற்காலியில் அப்படி வேலை பார்ப்போம். மதிப்பு தானாக வரும்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை