புற்றுநோய் ஆய்வகத்தில் பிறந்த தொழுநோய் தடுப்பூசி: கமல் ரணதிவே மும்பையில் செய்தது என்ன?

மாட்டுங்காவில் லோக்கல் ரயில் ஏறினால் தாதருக்கு அடுத்து வருவது பரேல். தாராவியிலும் செம்பூரிலும் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு, கையில் ஃபைலோடு அந்த ஸ்டேஷனில் இறங்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எல்லோரும் போவது டாடா நினைவு மருத்துவமனைக்குத்தான். அந்த வளாகத்தோடு பிணைந்த ஆய்வு மையத்தில் பல ஆண்டுகள் உழைத்த ஒரு பெண் விஞ்ஞானியின் பெயர், அங்கே வரிசையில் நிற்கும் பலருக்கும் தெரியாது.

அவர் கமல் ரணதிவே. 2021 நவம்பர் 8-ம் தேதி கூகுள் தன் முகப்பில் அவருடைய படத்தைப் போட்டபோதுதான் பலர் 'யார் இவர்?' என்று தேடினார்கள். அன்று அவருடைய 104-வது பிறந்தநாள்.

டாக்டர் ஆகச் சொன்ன அப்பா

1917-ல் புனேவில் பிறந்தவர் கமல் சமர்த். அப்பா தினகர் சமர்த், ஃபெர்குசன் கல்லூரியில் உயிரியல் பேராசிரியர். மகள் மருத்துவம் படிக்க வேண்டும், ஒரு டாக்டரையே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டுமே நடக்கவில்லை. கமல் தேர்ந்தெடுத்தது தாவரவியலும் விலங்கியலும். 1939-ல் அவர் மணந்தது கணிதம் படித்த ஜே.டி. ரணதிவேயை.

கல்யாணத்துக்குப் பிறகு பம்பாய். சீத்தாப்பழக் குடும்பத்துத் தாவரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1943-ல் முதுகலைப் பட்டம் வாங்கியவர், அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம் டாடா நினைவு மருத்துவமனை. 1941-ல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனையில் நோயியல் ஆய்வகத்தை நடத்தியவர் வி.ஆர். கனோல்கர். இந்திய நோயியலின் முன்னோடி என்று இன்றும் மதிக்கப்படுபவர். அவருடைய வழிகாட்டுதலில் கமல் 1949-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

எலியிடம் என்ன கேட்டார்?

கமல் கையில் எடுத்தது மார்பகப் புற்றுநோய். ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது? பரம்பரையா, ஹார்மோனா, கிருமியா?

இந்தக் கேள்வியை மனிதர்களிடம் நேரடியாகச் சோதிக்க முடியாது. ஒரு தலைமுறை கடக்கவே இருபது, முப்பது வருஷம் ஆகிவிடும். எலிக்கு ஆயுளே இரண்டு, மூன்று வருஷம்தான். அமெரிக்காவில் ஜான் பிட்னர் என்பவர் 1936-ல் ஒரு விஷயத்தைக் காட்டியிருந்தார்: சில எலி இனங்களில் தாய்ப்பால் வழியாகப் போகும் ஏதோ ஒன்று குட்டிக்குப் புற்றுநோயைத் தருகிறது. அது ஒரு வைரஸ் என்று பின்னால் தெரியவந்தது.

கமல் வெவ்வேறு எலி இனங்களின் மார்பகத் திசுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார். பரம்பரை, ஹார்மோன், வைரஸ் மூன்றும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதே அவருடைய ஆய்வின் மையம். புற்றுநோய்க்கு ஒரே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் இது முக்கியமான பார்வை.

பால்டிமோரில் கற்ற வித்தை

முனைவர் பட்டத்துக்குப் பிறகு அவர் போனது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். அங்கே ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்தில் திசு வளர்ப்பைக் கற்றார்.

திசு வளர்ப்பு அப்படின்னா என்ன? உடம்பிலிருந்து எடுத்த செல்களை, கண்ணாடிக் குடுவையில் சத்தான திரவம் ஊற்றி, சரியான சூட்டில் உயிரோடு வளர்ப்பது. சொல்வதற்குச் சுலபம். ஒரு துளி அசுத்தம் பட்டாலும் எல்லாம் பாழ். உலகம் முழுக்க இன்றும் ஆய்வகங்களில் வளரும் ஹீலா செல்கள் 1951-ல் உருவானது இதே ஜார்ஜ் கை ஆய்வகத்தில்தான்.

அங்கேயே தங்கிவிடாமல் கமல் பம்பாய் திரும்பினார். 1952-ல் கனோல்கர் தலைமையில் தொடங்கிய இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில், நாட்டின் முதல் திசு வளர்ப்பு ஆய்வகம் என்று சொல்லப்படும் கூடத்தை அமைத்தார். 1966 முதல் 1970 வரை அந்த மையத்துக்கே இயக்குநராகவும் இருந்தார்.

தொழுநோய் எப்படி உள்ளே வந்தது?

மாட்டுங்காவை அடுத்த வடாலாவில் 1890-லேயே தொடங்கிய ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. அந்த அளவுக்கு மும்பையின் பழைய துயரம் இந்த நோய். விஞ்ஞானிகளுக்கு இதில் ஒரு பெரிய தலைவலி. தொழுநோய்க் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கவே முடியாது. வளர்க்க முடியாத கிருமிக்குத் தடுப்பூசி செய்வது எப்படி?

1958-ல் கமல், பாபட், கனோல்கர் குழு ஒரு நோயாளியின் திசுவிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்துக் காட்டியது. மையத்தின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைக் கொண்டு அதற்கு ஐ.சி.ஆர்.சி. பாசில்லஸ் என்று பெயர்.

ஆனால் இது தொழுநோய்க் கிருமியேதானா என்ற சர்ச்சை வெகுகாலம் நீடித்தது. கடைசியில், அது தொழுநோய்க் கிருமி அல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கிருமி என்று முடிவானது.

அத்தோடு கதை முடிந்ததா? இல்லை. தொழுநோய் முற்றியவர்களின் உடம்பில் கோடிக்கணக்கான கிருமிகள் இருந்தாலும், நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றை எதிரியாகவே அடையாளம் காண்பதில்லை. சொந்தக் கிருமியைக் கண்டுகொள்ளாத அந்த மண்டலத்துக்கு, சொந்தக்காரக் கிருமி ஒன்றைக் காட்டினால் விழித்துக்கொள்ளுமா? எம்.ஜி. தேவ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் அந்தக் கிருமியைக் காமா கதிரால் செயலிழக்கச் செய்து தடுப்பூசியாக்கினார்கள்.

அதற்கான பெரிய சோதனை நடந்தது தமிழ்நாட்டில். 1991 ஜனவரியில் தொடங்கி இரண்டரை ஆண்டுகளில் 1,71,400 பேர் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள். நான்கு தடுப்பூசிகள் ஒப்பிடப்பட்டன. 1998-ல் வெளியான முடிவின்படி, ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசி தந்த பாதுகாப்பு 65.5 சதவீதம். பி.சி.ஜி. மட்டும் போட்டவர்களுக்குக் கிடைத்தது 34.1 சதவீதம்.

இருந்தும் அது தேசியத் திட்டத்தில் இடம்பெறவில்லை. அதற்குள் கூட்டு மருந்து சிகிச்சை தொழுநோயை வெகுவாகக் குறைத்திருந்தது.

இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

புற்றுநோய் செல்லும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது: எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறது. அதைத் தட்டி எழுப்புவதுதான் இம்யூனோதெரபி. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பு மருந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு 1970-களிலிருந்தே பயன்படுகிறது. எதிர்ப்பு மண்டலத்தின் பிரேக்கை விடுவிக்கும் வழியைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மும்பையிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. கமல் பணியாற்றிய மையத்தின் வாரிசு, இன்று நவி மும்பை கார்கரில் இருக்கும் டாடா நினைவு மையத்தின் ஆய்வு வளாகம். 2021-ல் இந்தியாவின் முதல் கார்-டி செல் சிகிச்சை அங்கேதான் அளிக்கப்பட்டது. நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும்படி மாற்றி, ஆய்வகத்தில் பெருக்கி, மறுபடி உடம்பில் செலுத்துவது இந்த சிகிச்சை. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய இந்த சிகிச்சையை 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு தொடங்கிவைத்தார். செலவு வெளிநாட்டில் ஆவதில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள்.

கமல் கார்-டி சிகிச்சையைக் கண்டுபிடித்தவர் அல்ல. அது அவர் காலத்துக்குப் பிந்தியது. ஆனால் மனித செல்லை உடம்புக்கு வெளியே உயிரோடு வளர்க்கும் அந்தக் கைப்பழக்கம் இல்லாமல் இந்த சிகிச்சையின் முதல் படியே இல்லை. அந்தக் கைப்பழக்கத்தை இந்த நகரத்துக்குக் கொண்டுவந்து, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முன்வரிசையில் இருப்பவர் அவர்.

ஆய்வகத்துக்கு வெளியே

1973-ல் சக பெண் விஞ்ஞானிகளோடு சேர்ந்து இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கத்தைத் தொடங்கினார் கமல். வாஷியில் உள்ள அதன் வளாகத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியும் குழந்தைகள் காப்பகமும் இருக்கின்றன. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஆராய்ச்சியை விட்டுப் போன பெண்கள் எத்தனை பேர் என்று யோசித்தால், இதன் அருமை புரியும்.

1982-ல் பத்மபூஷண் விருது வந்தது. ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. அகமதுநகர் மாவட்டப் பழங்குடிக் குழந்தைகளின் ஊட்டச்சத்து நிலையை ஆராய்ந்தார், கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுத்தார். 2001-ல் காலமானார்.

அவர் குழு வளர்த்த கிருமி, நினைத்த கிருமியாக இல்லை. அதிலிருந்து வந்த தடுப்பூசி நம் தோளில் ஏறவில்லை. ஆனாலும் 1,71,400 பேரிடம் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு உறுதியான ஒரு யோசனையையும், செல்களை உயிரோடு வளர்க்கத் தெரிந்த ஒரு தலைமுறையையும் அவர் விட்டுச் சென்றார். பரேல் ஸ்டேஷனில் ஃபைலோடு இறங்கும் யாரோ ஒருவருக்கு இன்று ஒரு புதிய சிகிச்சை கிடைக்கிறது என்றால், அந்தப் பாதையின் ஒரு பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.