திருக்கணிதச் செல்வர் சிந்தாமணி ரகுநாதாசாரியார்

சூரியோதயத்திற்கு முந்திய நான்கு நாழிகை, அதாவது 96 நிமிஷம், அருணோதய காலமாகும். அதில் தசமி சிறிது தங்கினும் வைஷ்ணவர்கள் அன்று ஏகாதசி விரதம் கொள்ளார், மறுநாளே கொள்வர். எனவே திதியின் முடிவு சில நாழிகை பிசகினும் விரத நாளே மாறிவிடும். சிந்தாமணி ரகுநாதாசாரியார் ஆயுள் முழுதும் உழைத்தது இத்தகைய நாழிகைகளுக்காகவே.

பஞ்சாங்கம் கணிக்கும் குலத்துதித்த இவர், சென்னை நுங்கம்பாக்கம் வானாராய்ச்சி நிலையத்தில் முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867-ல் தென்வானில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் பூர்ண சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலும், 1871 டிசம்பர் 12-ஆம் நாள் கிரகணத்தை அவிநாசியிலும் நோக்கினார். 1872-ல் லண்டன் ராயல் வானவியல் சங்கம் இவரை அங்கத்தினராக ஏற்றது.

பழைய வாக்கியங்கள் கூறும் சந்திரனின் ஸ்தானம், வானில் காணும் ஸ்தானத்தோடு ஒவ்வாமையை உணர்ந்து, பார்வைக்கு இசையும் த்ருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார். (த்ருக் என்பது பார்வை, மக்கள் நாவில் அது 'திரு'வாயிற்று.) பீஜ ஸம்ஸ்காரம் என்னும் திருத்தம் முன்னோரும் செய்ததே, ஆதலின் இது மரபு மீறலன்று. 1874 டிசம்பர் 9-ஆம் நாள் சூரிய பிம்பத்தைச் சுக்கிரன் கடந்ததை விளக்கி, ஆங்கிலம், உருது, கன்னடம் முதலிய பாஷைகளில் சிறுநூல் அளித்தார். 1880 பிப்ரவரி 5-ல் பரமபதம் எய்தினார்.

சாந்திரமான யுகாதியும் ஸௌரமானச் சித்திரைப் பிறப்பும் அடுத்தடுத்து வரும் ஆரம்பாக்கம் போன்ற எல்லையூர்களில், ஆண்டுத் தொடக்கம் இரண்டாயினும் திதி இருசாரார்க்கும் ஒன்றே. ஆயினும் வாக்கியமும் திருக்கணிதமும் இன்றும் தனித்தனியே வழங்குகின்றன. திருக்கோயில்கள் பல வாக்கியத்தையே அனுசரிக்கின்றன.