ரக்பி பள்ளியின் தாமஸ் ஆர்னால்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கல்வி வரலாற்றில் தனியிடம் பெற்றவர் தாமஸ் ஆர்னால்டு. கவிஞர் மேத்யூ ஆர்னால்டின் தந்தையார் என்றே இலக்கிய மாணவர் பலரும் அவரை அறிவர். பள்ளியின் ஆட்சியைத் தம் கைக்குள் முடக்காது பகிர்ந்தளித்த தலைமையாசிரியராகவே நாம் அவரை ஈண்டு நோக்குகிறோம்.

1795ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் வைட் தீவில் பிறந்த அவர், வின்செஸ்டரிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றார். 1819 முதல் லேல்ஹாம் என்னும் சிற்றூரில் மாணவர் சிலருக்குத் தனிக்கல்வி அளித்து வந்தார். 1828இல் ரக்பிப் பள்ளியின் தலைமைப் பொறுப்பு அவரை வந்தடைந்தது.

அக்கால உதவியாசிரியர்கள் குறைந்த ஊதியம் பெற்றனர். தேவாலயப் பணியையும் உடன் பார்த்தே வாழ்வு நடத்தினர். ஆர்னால்டு அறங்காவலரிடம் வாதாடி அவர்தம் ஊதியத்தை உயர்த்தினார். பள்ளிப்பணி ஒன்றிலேயே அவர்களை நிலைபெறச் செய்தார். மாணவர் விடுதிகளும் ஆசிரியர் பொறுப்பிற்கு வந்தன. வரலாறு, கணிதம், பிரெஞ்சு ஆகியன முறையான பாடத்திட்டத்துள் புகுந்தன. பிரெஞ்சையும் வகுப்பாசிரியரே கற்பித்தமையால் இலக்கணம் வந்தது, பேச்சு வரவில்லை. அதனை அவரும் உணர்ந்தேயிருந்தார்.

மூன்று வாரத்திற்கொரு முறை ஆசிரியர் அவை கூடிற்று. எவரும் கருத்துரைக்கலாம், புதிய திட்டம் முன்மொழியலாம். தலைமையாசிரியரின் கருத்தே தோற்ற நாள்களும் உண்டு. அவர் அம்முடிவிற்குக் கட்டுப்பட்டார். சுற்றறிக்கையைப் படித்துக் கையொப்பம் பெறுவதையே ஆசிரியர் கூட்டமெனக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பளிப்பதில் வியப்பில்லை!

ஆறாம் படிவ மாணவரிடம் விடுதி ஒழுங்கை ஒப்படைத்ததே அவர்தம் புகழுக்கு முதற்காரணம். அவர் சொல்லை நம்பினார். பொய்யுரைப்பதே பெருங்குற்றம் என்றார். ஆயினும் நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டன்றோ? 1830களின் தொடக்கத்தில் ஒரு சிறுவன், வினவப்பட்ட பகுதியைத் தன் வகுப்பு இன்னும் படிக்கவில்லை என்றான். வகுப்பாசிரியர் படித்தாயிற்று என்றார். சக ஆசிரியர் சொல்லையே ஏற்ற ஆர்னால்டு, பொய்யன் எனச் சிறுவனைப் பதினெட்டு அடி அடித்தார். பின்னர்ச் சிறுவன் கூற்றே மெய்யென விளங்கிற்று. பள்ளி முழுதும் அறிய அவர் மன்னிப்புக் கோரினார். செய்தித்தாள்கள் அவரை விட்டுவைக்கவில்லை. விடவும் கூடாது என்பதே நம் கருத்து. பகிர்ந்தளித்த அதிகாரத்தைத் தணிக்கை செய்யும் கடமை தலைவனைச் சார்ந்ததே.

1836இல் அவர் எழுதிய சமயக் கட்டுரையொன்றால் சினமுற்ற அறங்காவலர் சிலர் கண்டனத் தீர்மானம் கொணர்ந்தனர். வாக்குகள் நாலுக்கு நாலாகப் பிரிய, அது வீழ்ந்தது. தமக்குக் கீழுள்ளோர்க்கு அளித்த கருத்துரிமையைத் தமக்கு மேலுள்ளோரிடமும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இயற்பியல் அறிவியலுக்கு இடமளிக்காமை அவர்பாற் காணும் பெருங்குறை.

1842 ஜூன் 12இல், நாற்பத்தேழாம் பிறந்தநாளுக்கு முந்நாள், நெஞ்சுவலியால் மறைந்தார்.

அவரிடம் பணியாற்றிய ஆசிரியர்கள் பிற பள்ளிகளின் தலைமையேற்றனர். பிரின்ஸ் லீ 1838இலேயே பர்மிங்காம் சென்றார். 1837இல் ரக்பியில் சேர்ந்த ஜார்ஜ் காட்டன் 1852இல் மார்ல்பரோ பள்ளித் தலைவரானார். 1858இல் கல்கத்தாப் பேராயராக நம் நாட்டிற்கு வந்து, மறு ஆண்டே சிம்லாவில் ஒரு பள்ளி கண்டார். 1866இல் வங்கத்துக் குஷ்தியாவில் படகேறுகையில் ஆற்றில் வீழ்ந்து மாண்டார். பெங்களூரில் அவர் பெயர் தாங்கிய பள்ளியை நம் மாணவருள் சிலர் கண்டிருக்கக்கூடும்.